மனை மேல் 110 கேவி லைன் போகிறது, தென்னைக்கு மட்டும்தான் பணம் என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பல்லடத்துக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். பல்லடம் பக்கம் ஒரு கிராமத்தில் எங்களுக்கு 10 சென்ட் மனை இருக்கிறது, பட்டா அம்மா பெயரில். முன்பக்கம் அப்பா கட்டிய தார்சு வீடு, பின்பக்கம் காலி இடம், அதில் காய்ப்பில் இருக்கிற தென்னை இரண்டு. தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனதும் பின்னால் சின்னதாக ஒரு வீடு கட்டிக் கொடுக்கலாம் என்று அப்பா இருக்கும்போதே பேசி வைத்தது. போன மாதம் சர்வே ஆட்கள் வந்து முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார்கள். கேட்டால் புது 110 கேவி (கிலோவோல்ட்) மின் லைனாம். டவர் எங்கள் இடத்தில் வரவில்லை, இரண்டு டவருக்கு நடுவில் கம்பி மட்டும் பின்பக்க மூலையைத் தாண்டிப் போகிறது. "நிலம் உங்களிடமேதான் இருக்கப் போகிறது, கம்பி மேலேதான் போகிறது, அதனால் நிலத்துக்குப் பணம் கிடையாது, வெட்டுகிற தென்னைக்கு மட்டும் தருவோம்" என்று சொல்லி ஒரு ஃபாரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா கையெழுத்துப் போட்டுவிடலாம் என்கிறார், அரசாங்கக் காரியத்தில் நாம் என்ன செய்ய முடியும் என்று. நிஜமாகவே நிலத்துக்கு எதுவும் கேட்க முடியாதா?

தோப்புக்காரர்:
தம்பி, முதலில் அந்த ஃபாரத்தை முழுசாகப் படியுங்கள். எங்கள் தோப்பில் 220 கேவி போனபோது நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி இருந்தது, அது எனக்குத் தெரிந்தது இரண்டு வருடம் கழித்து வக்கீலிடம் போனபோதுதான். அதற்கு நடுவில் பேங்கில் லோன் கேட்டேன், மதிப்பீட்டாளர் வந்து லைனுக்குக் கீழே இருக்கிற நிலத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. நிலம் என் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அன்றைக்கு அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று என் கையாலேயே எழுதியிருந்தால் போதும் என்று அந்த வக்கீல் சொன்னார். அம்மாவிடம் சொல்லுங்கள், பணம் வாங்குவது தப்பில்லை, ஆனால் அந்த வார்த்தையை எழுதிவிட்டு வாங்க வேண்டும். மரத்தை வெட்டுவதற்கு முன்னால் தேதியோடு போட்டோ எடுங்கள், மகஜர் (இடத்தில் பார்த்ததை எழுதிக் கையெழுத்து வாங்குகிற தாள்) போட்டால் நகல் வாங்குங்கள். தென்னைக்கு என்ன வயது, எத்தனை காய் என்று எழுதாத மகஜரில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மன்றவாசல்:
நான் மாவட்ட நீதிமன்றத்தில் இந்த வகை வழக்குகளைப் பார்க்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். "நிலத்துக்குப் பணம் கிடையாது" என்பது தவறு. நிலத்தை அவர்கள் கையகப்படுத்தவில்லை, அது சரிதான். லைன் போடுகிறவர்களுக்கு மின்சாரச் சட்டம் 2003இன் 164ஆவது பிரிவில் அரசு அதிகாரம் கொடுத்திருந்தால், 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தில் தந்திக் கம்பம் நடுகிறவர்களுக்கு இருந்த அதே அதிகாரம் இவர்களுக்கும் வந்துவிடும், உங்கள் சம்மதம் தேவையில்லை. ஆனால் அதே தந்திச் சட்டத்தின் 10(d) பிரிவு, முடிந்தவரை குறைவான சேதத்தோடு வேலை செய்ய வேண்டும், ஏற்பட்ட சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. மரம் மட்டும்தான் சேதம் என்று அதில் எங்கும் இல்லை. 2007இல் கேரள மின்வாரிய வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், நிலம் எங்கே இருக்கிறது, கம்பி எந்த உயரத்தில் எப்படிப் போகிறது, அதனால் நிலத்தின் மதிப்பு எவ்வளவு குறைகிறது என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

கொடுத்த தொகை போதாது என்றால் அதே தந்திச் சட்டத்தின் 16(3) பிரிவின்படி மாவட்ட நீதிபதியிடம் மனு போட வேண்டும். முன்சீப் கோர்ட்டில் போட்டுவிட்டு வருடக்கணக்கில் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். இன்னொன்று, காலக்கெடு. இந்த மனுவுக்கு 3 வருடம்தான், 1976இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "பார்த்துச் செய்கிறோம்" என்று ஆபீஸில் சொல்வதை நம்பி உட்கார்ந்திருந்தால் அந்த 3 வருடம் ஓடிவிடும். தந்திச் சட்டத்தை எடுத்துவிட்டார்களே என்று யாராவது குழப்பினால் கவலைப்படாதீர்கள், 2023இன் தொலைத்தொடர்புச் சட்டத்திலேயே மின் லைன்களுக்கு மட்டும் பழைய பகுதி தொடரும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

பட்டா அம்மா பெயரில் என்றீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைக்கும், நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும்.

கொங்குமண்:
இவ்வளவு சட்டம் எதற்கு? ஊரோடு சேர்ந்து குறுக்கே நின்றால் வண்டி திரும்பிப் போகும். நம் பக்கம் புகளூரிலிருந்து திருச்சூர் போகிற உயர் அழுத்த லைனில், கேரளத்துக்குள் ஒரு பகுதியைப் பூமிக்கடியில் கேபிளாகப் புதைத்தார்கள். இங்கே மட்டும் நம் தோட்டத்தில் டவர். அவர்களுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியாது என்று கேட்காமல் பணம் எவ்வளவு என்று பேசுவதே தப்பு.

மன்றவாசல்:
கோபம் நியாயம்தான், அந்தக் கேள்வியை நானும் கேட்கிறேன். ஆனால் கேபிளாகப் போடச் சொல்வது லைன் திட்டமிடும்போது பேச வேண்டியது, ஒரு வீட்டுக்காரர் தனியாக வாங்கக்கூடியதும் இல்லை. நீங்கள் தடுத்தால் அவர்கள் 16(1)இன்படி ஆட்சியரிடம் உத்தரவு வாங்கி வருவார்கள், அதற்குப் பிறகும் மறித்தால் அது குற்றம் என்று அதே பிரிவு சொல்கிறது. அம்மாவை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்த வேண்டாம். ஆட்சியர் விசாரணைக்குக் கூப்பிடும்போது எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள், கம்பியை ஒரு பக்கம் நகர்த்த முடியுமா என்பதையும் அப்போதே கேளுங்கள், அதுதான் அதற்கு நேரம்.

சர்வே_சங்கிலி:
நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் மனையில் எத்தனை சென்ட் மாட்டுகிறது என்பது. 110 கேவிக்குக் கம்பிப் பாதையின் அகலம் 22 மீட்டர், அதாவது நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 11 மீட்டர். எஃப்எம்பி (நில அளவைப் புல வரைபடம்) நகல் எடுத்து, அடித்த முளைக்குச்சிகளை வைத்து அதில் கோடு போட்டுப் பாருங்கள். கம்பி மூலையில்தானே போகிறது என்று நினைப்பீர்கள், 11 மீட்டர் என்பது 36 அடி, கட்டடம் கட்டக்கூடாத இடம் மனைக்குள் எவ்வளவு தூரம் வருகிறது என்று அப்போதுதான் தெரியும்.

ஒன்றிய மின் அமைச்சகம் 2024 ஜூனில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 66 கேவியும் அதற்கு மேலும் உள்ள டவர் லைன்களுக்கு, டவர் அடிநிலத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பிப் பாதைக்கு 30 சதவீதம். 2015இல் இருந்தது அடிநிலத்துக்கு 85, பாதைக்கு அதிகபட்சம் 15. மாநில நிறுவனத்தின் லைன் என்றால் மாநில அரசு ஏற்றால்தான் நேரடியாகப் பொருந்தும், அதனால் எந்த ஆணைப்படி இழப்பீடு கணக்கிடுகிறீர்கள், 164 அதிகார ஆணை நகல், பாதை வரைபடம், இந்த மூன்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) கேளுங்கள், கட்டணம் 10 ரூபாய்.

பல்லடத்துக்காரன்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எஃப்எம்பியில் கோடு போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட 3 சென்ட் உள்ளே வருகிறது. தங்கச்சி வீட்டுக்கு நினைத்த இடம் முழுசாக அதற்குள்தான். பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பு சதுர அடி 400 ரூபாய், ஆனால் பக்கத்து மனை 900க்கு விற்றது. எதை வைத்துக் கேட்பது? அப்புறம், இப்போது இருக்கிற வீட்டின் மேலே மாடி எடுக்கலாமா?

சர்வே_சங்கிலி:
3 சென்ட் என்றால் சுமார் 1,307 சதுர அடி. 400இல் கணக்குப் போட்டால் 5,22,800, அதில் 30 சதவீதம் 1,56,840 ரூபாய். 900இல் போட்டால் மூன்றரை லட்சத்தைத் தாண்டும். வழிகாட்டி மதிப்பை விடச் சந்தை விலை அதிகம் என்று காட்டினால் ஆட்சியர் அதைப் பார்த்து முடிவு செய்யலாம், அதனால் பக்கத்து மனையின் கிரயப் பத்திர நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி மனுவோடு வையுங்கள். வாய்ப்பேச்சு எடுபடாது.

மாடி விஷயம்: வீடு 22 மீட்டர் பாதைக்கு வெளியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதுகாப்பு விதிப்படி 110 கேவி கம்பி கட்டடத்தின் மேலே போனால், கம்பி அதிகமாகத் தொய்யும்போதும் 4.6 மீட்டர் இடைவெளி வேண்டும், பக்கவாட்டில் என்றால் காற்றில் கம்பி ஆடும்போதும் 2.9 மீட்டர். மேல் இடைவெளி கட்டடத்தின் உச்சியிலிருந்து அளப்பது, தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பி எல்லாம் சேர்த்து யோசியுங்கள். மொட்டை மாடியில் இரும்புக் குழாயை நிமிர்த்தியதில் ஷாக் அடித்துப் போனவர்களை எனக்குத் தெரியும்.

மன்றவாசல்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மூல வரைபடம் இருந்தாலோ, தங்கச்சி வீட்டுக்காக எப்போதாவது பிளான் போட்டு ஊராட்சியில் கொடுத்திருந்தாலோ அதைத் தேடி எடுங்கள். அந்த இடத்தில் கட்ட நினைத்தோம் என்பதற்கு அது ஒரு தாள் போதும்.

பல்லடத்துக்காரன்:
இருக்கிறது. அப்பா 2016இல் ஒரு இன்ஜினியரிடம் போட்டு வாங்கிய பிளான் பீரோவில் பத்திரங்களோடு இருந்தது, அம்மாதான் எடுத்துக் கொடுத்தார். ஃபாரத்தில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்கிற அந்த வரி அப்படியே இருக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சேபணை மனு கொடுக்கிறோம், அம்மாவும் வருகிறார்.