தண்டுவடம் அடிபட்ட நாயகன், அவனைப் பார்த்துக்கொள்ள வரும் நாயகி: நாவலில் எங்கே தப்பு வரும்?

வெண்பனி:
தொடர்கதை ஒண்ணு எழுதிட்டிருக்கேன். கதை நடக்கிற ஊர் வேலூர். நாயகனுக்கு 29 வயசு. பைக் விபத்துல கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. சி6, அதாவது கழுத்துத் தண்டுவடத்துல ஆறாவது நரம்பு மட்டம். முழு பாதிப்பு, அதுக்குக் கீழே அசைவும் இல்ல, உணர்ச்சியும் இல்ல. அவனைப் பார்த்துக்க 26 வயசுப் பெண் சம்பளத்துக்கு வர்றா. காதல் மெதுவா வளருது. 9-வது அத்தியாயத்துல அவன் முதல் தடவையா அவ கையை இறுக்கிப் பிடிக்கிறான். 12-வதுல அவனுக்குத் திடீர்னு முடியாமப் போகுது, அவதான் காப்பாத்துறா. அது என்ன ஆபத்தா இருக்கலாம்? விஷயம் தெரிஞ்சவங்க படிச்சா சிரிக்கக் கூடாது.

தசைநார்:
முதல்ல கை. சி6-ன்னா முழங்கையை மடக்கலாம், மணிக்கட்டை மேலே தூக்கலாம். முழங்கையை நீட்டுற தசைக்கு சி7 வேணும், விரலை மடக்க சி8 வேணும். ரெண்டும் அவனுக்கு இல்ல. அதனால "இறுக்கிப் பிடித்தான்"கிறது நடக்காது. மல்லாந்து படுத்தபடி கையை மேலே நீட்டினா அது அவன் முகத்துலயே வந்து விழும்.

ஆனா இதைவிட நல்ல காட்சி ஒண்ணு இருக்கு. மணிக்கட்டைத் தூக்கினா தசைநார் இழுபட்டு விரல்கள் தானா உள்ளே மடங்கும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலோட ஒட்டும். மணிக்கட்டைத் தொங்கவிட்டா எல்லாம் விரிஞ்சுடும். இதுக்கு டெனோடெசிஸ் பிடின்னு பேர். ஸ்பூன், பேனா, பாதி நிரம்பின பிளாஸ்டிக் டம்ளர் எல்லாம் இந்தப் பிடியிலதான் தூக்குவாங்க. அவ தன் கையை அவன் உள்ளங்கைக்குள்ள வைக்கட்டும், அவன் மணிக்கட்டைத் தூக்கட்டும். விடணும்னா தாழ்த்தினா போதும்.

இன்னொண்ணு. அவ பாசமா அவன் விரலையும் மணிக்கட்டையும் சேர்த்து நேரா நிமிர்த்தி நீவி விடுற மாதிரி தயவுசெஞ்சு எழுதாதீங்க. அப்படி நாள்பட இழுத்தா தசைநார் தளர்ந்து அந்தப் பிடியே போயிடும். விரலை நீட்டும்போது மணிக்கட்டு தாழ்ந்திருக்கணும், மணிக்கட்டை நிமிர்த்தும்போது விரல் மடங்கியிருக்கணும்.

ராத்திரி ஷிஃப்ட்:
12-வது அத்தியாயத்துக்கு ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா வைங்க. மார்புப் பகுதியோட ஆறாவது மட்டமான டி6-லயோ அதுக்கு மேலயோ அடிபட்டவங்களுக்கு வர்றது. அடிபட்ட இடத்துக்குக் கீழே ஏதோ உறுத்தும். பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும், இல்லேன்னா மலம் கட்டியிருக்கும். அவனுக்கு வலி தெரியாது, ஆனா ரத்த அழுத்தம் எகிறிடும். தலை பிளக்குற வலி, முகம் சிவந்து கழுத்துக்கு மேல வியர்வை, மூக்கடைப்பு, புல்லரிப்பு. இவங்களுக்கு வழக்கமா மேல் அழுத்தமே 90-லேருந்து 110 வரைதான் இருக்கும். அதனால 140 காட்டினாலே அவசரம். "140 தானே, பரவாயில்லை"ன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்ற இடத்துல கதை சூடு பிடிச்சுடும்.

வீட்டுல இருக்கிறவங்க செய்ற தப்பு, படுக்க வச்சு தலைவலி மாத்திரை கொடுக்கிறது. படுத்தா அழுத்தம் இன்னும் ஏறும். அவ உடனே அவனை நேரா உட்கார வச்சு காலைத் தொங்கவிடணும். பேன்ட், வயித்துப் பட்டை, காலுறை எல்லாத்தையும் தளர்த்தணும். அடுத்து சிறுநீர்க் குழாயைப் பையிலேருந்து மேலே வரைக்கும் விரலால தடவிப் பார்க்கணும். வீல்சேர் கைப்பிடிக்கு அடியில குழாய் மடிஞ்சு கிடக்குது! நிமிர்த்தினதும் பை நிரம்ப ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்துல முகம் வெளுத்து வலி அடங்கும். ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை அழுத்தம் பார்த்துட்டே இருக்கணும். இறங்கலேன்னா ஆஸ்பத்திரி. சும்மா விட்டா மூளையில ரத்தக்கசிவு வரைக்கும் போகும்.

இதுக்கு நேர் எதிர் ஒண்ணு இருக்கு, குழப்பிக்காதீங்க. காலையில படுக்கையிலேருந்து சட்டுன்னு உட்கார வச்சா அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். அப்போ வீல்சேரைப் பின்னால சாய்க்கணும்.

உங்க கதைக்கு ஒரு கடிகாரமும் வேணும். படுக்கையில ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டணும். குழாய் நிரந்தரமா இல்லேன்னா நாலிலேருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர் எடுக்கணும், ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல சேரக் கூடாது. ரெண்டு பேரும் "விடிய விடிய அசையாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள்"னு எழுதினா மறுநாள் புட்டத்துல சிவப்புத் தடம் இருக்கும். விரலால அழுத்தி எடுத்தும் வெளுக்காத சிவப்புன்னா படுக்கைப் புண் தொடங்கிடுச்சுன்னு அர்த்தம்.

பிழைதிருத்தி:
எனக்குக் கதையிலதான் உறுத்தல். வேலூர்ல ஒரு நடுத்தரக் குடும்பம் 29 வயசுப் பையனைக் குளிப்பாட்ட, மலம் எடுக்க இளம்பெண்ணை வைக்க மாட்டாங்க. காலையில ரெண்டு மணி நேரத்துக்கு ஆண் அட்டெண்டர் வரட்டும். சாப்பாடு, மாத்திரை, பயிற்சி, கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. சம்பளம் யார் கையிலேருந்து யார் கைக்குப் போகுதுன்னும் முடிவு பண்ணுங்க. காதல்னு தெரிஞ்சதும் முதல்ல தகராறு அங்கதான் வரும்.

முடிவுல காதலால எழுந்து நடக்க வைக்காதீங்க. கால் துள்ளுறது தசை இறுக்கம், குணமாகுறதோட அறிகுறி இல்ல. "உனக்குப் பாரமா இருக்க மாட்டேன்"னு அவனைச் சாகடிக்கிறதும் எனக்கு சோம்பேறித்தனமாத்தான் படுது. கருணைக்கொலைன்னு காட்டவும் முடியாது. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மீள முடியாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துறதைப் பத்தினது. வீல்சேர்ல உட்கார்ந்து சாப்பிடுற ஆளுக்கு அது பொருந்தாது. வேலூரைத்தான் எழுதுறீங்கன்னா வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர் மேரி வர்கீஸைப் பத்திப் படிங்க. 1954-ல விபத்து, அப்புறம் வீல்சேர்ல உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செஞ்சவங்க.

வெண்பனி:
நன்றி. 9-ஐ மாத்தி எழுதறேன். ஒரே ஒரு சந்தேகம். அவ கை தன் கைக்குள்ள இருக்குன்னு அவனுக்கு உணர்ச்சி தெரியுமா?

தசைநார்:
பாதி தெரியும். கட்டைவிரல் பக்கம் சி6, அங்க உணர்ச்சி இருக்கும். நடுவிரல் சி7, சுண்டுவிரல் சி8, அங்க இருக்காது. அவன் வேற எங்கயோ பார்த்துட்டிருக்கும்போது அவ சுண்டுவிரலைக் கோத்துக்கிட்டா அவனுக்குத் தெரியவே தெரியாது. குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியும்.