‘பாகான் டாலாம் குடும்பம்’ குழு, வியாழன் இரவு

இரவு 8:41

தினேஷ்: வணக்கம். லதா அக்கா கல்யாணத்தன்று நடந்த அந்தக் கேஸின் தாள் யாரிடமாவது இருக்கிறதா? கோர்ட்டில் பணம் கட்டிய ரசீது இருந்தாலும் போதும்.

தினேஷ்: கொஞ்சம் அவசரம்.

பத்மா சித்தி: (படம்: ரோஜாப்பூ, இனிய இரவு வணக்கம்)

பத்மா சித்தி: எந்தக் கேஸ்?

குமரன் ஜேபி: அம்மா, மண்டப வாசல் கேஸ்.

பத்மா சித்தி: ஓ. அதை ஏன் இப்போது கிளறுகிறாய் ராசா? ஞாயிற்றுக்கிழமை பாட்டி திதிக்கு எத்தனை பேர் என்று எல்லாரும் சொல்லுங்கள். வாழை இலைக்கு நாளைக்குள் சொல்லியாக வேண்டும்.

லதா: நாங்கள் நாலு பேர் அத்தை.

முத்தையா மாமா: என்ன விஷயம் தம்பி

தினேஷ்: பயான் லெப்பாஸ் வேலை மாமா. சூப்பர்வைசர். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்துவிட்டது, அதை நம்பி இங்கே ராஜினாமாவும் கொடுத்துவிட்டேன். இன்று மத்தியானம் எச்ஆரிடமிருந்து மெயில். பின்னணிச் சோதனையில் என் பெயர் வந்திருக்கிறதாம். செக்‌ஷன் 323, அடித்துக் காயப்படுத்திய கேஸ், வருஷம் 2011. திங்கள் மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் விளக்கம் கேட்கிறார்கள்.

லதா: ஐயோ

பிரகாஷ்: அந்த 323ஆ?

தினேஷ்: அதேதான் மச்சான்.

அம்மா: (குரல் செய்தி 1:12)

அம்மா: மத்தியானம் போட்ட சோறு அப்படியே இருக்கிறது. யாராவது எடுத்துச் சொல்லுங்கள் இவனுக்கு.

பத்மா சித்தி: எத்தனை வருஷம் ஆகிவிட்டது! அழிந்திருக்குமே. ஏழு வருஷத்தில் தானாகவே அழிந்துவிடும் என்று ஒரு வீடியோ வந்ததே.

பத்மா சித்தி: (வீடியோ)

குமரன் ஜேபி: அம்மா, அது அமெரிக்காக்காரர் பேசுவது. அங்கேயும் 1970இல் வந்த மத்தியச் சட்டப்படி கைதுப் பதிவுக்குத்தான் ஏழு வருஷம். கோர்ட்டு தண்டித்த கேஸுக்கு அந்தக் கணக்கே கிடையாது. கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் மட்டும் அதற்கும் ஏழு வருஷம் வைத்திருக்கின்றன.

பத்மா சித்தி: அப்போ சிங்கப்பூரில்? நீ வேலைக்குச் சேர்ந்தபோது ஏதோ சொன்னாயே.

குமரன் ஜேபி: அங்கே 2005இல் இருந்து ஒரு விதி இருக்கிறது. அபராதம் 2,000 சிங்கப்பூர் வெள்ளிக்குள், ஜெயில் என்றால் மூன்று மாதத்துக்குள். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் எந்த வம்பும் இல்லாமல் இருந்தால் ‘பதிவு இல்லை’ என்று சொல்லலாம். சில குற்றங்களுக்கு அதுவும் இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம், நம் மலேசியாவில், அது செல்லாது.

முத்தையா மாமா: எல்லாரும் பொறுமையாகப் படியுங்கள். நடந்ததை நான் விவரமாகவே எழுதுகிறேன். லதா கல்யாணம் 2011 ஆவணி மாதம். ஐந்நூறு அட்டை அடித்தோம், அறுநூறு பேருக்கு மேல் வந்தார்கள். இரவு பத்து மணி இருக்கும். மாப்பிள்ளை வீட்டுப் பையன்களின் காடி நம் வேனை மறித்து நின்றது. வேனில் பாட்டி உட்கார்ந்திருந்தார். நகர்த்தச் சொன்னதற்கு வாய் பேசினார்கள். நான் உள்ளே மேளக்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் ஒரு பையன் நெற்றியில் ரத்தம். நாலு தையல். தினேஷையும் இன்னும் மூன்று பேரையும் போலீஸ் பாலாய்க்கு, ஸ்டேஷனுக்கு, ஏற்றிப் போய்விட்டார்கள். மறுநாள் கோர்ட்டு வாசலில் விவரம் தெரிந்த ஒருவர், ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும், சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம் என்றார். முப்பத்தாறு வருஷம் தோட்டத்தில் கிராணியாக, ஆபிஸ் கிளார்க்காக, இருந்தவன் நான். போலீஸ் கேஸ் என்றால் இழுக்காமல் அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. தோட்டத்தில் எத்தனை பேருக்கு அப்படி முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

லதா: அப்பா, காடி மறித்தது அவர்கள் இல்லை. அது மேளக்காரருடைய வேன்.

முத்தையா மாமா: இப்போது அதுவா முக்கியம்

பத்மா சித்தி: அன்றைக்குப் பிரியாணி பாதி அப்படியே மிஞ்சிவிட்டது. கிடாய் மூன்று.

இரவு 9:26

கவிதா: இப்போதுதான் எல்ஆர்டியில் இருந்து இறங்கினேன். எல்லாம் படித்தேன். தினேஷ், ஃபாரத்தில் ‘குற்றத் தண்டனை பெற்றதுண்டா’ என்று ஒரு கேள்வி இருந்திருக்கும். என்ன போட்டாய்?

தினேஷ்: இல்லை என்று போட்டேன்.

கவிதா: ஏன்டா

தினேஷ்: தண்டனை என்றால் ஜெயில் என்று நினைத்தேன் அக்கா. நான் கட்டியது அபராதம். கட்டியதோடு முடிந்தது என்றுதானே எல்லாரும் சொன்னீர்கள்.

கவிதா: ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினாலும் அது குற்றத் தீர்ப்புதான். 323க்கு ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். உனக்கு அபராதம் மட்டும் போட்டார்கள், அவ்வளவுதான். 1969ஆம் வருஷச் சட்டப்படி குற்றவாளிகள் பதிவேடு என்று ஒன்று போலீஸில் இருக்கிறது. பணம் கட்டியதால் பெயர் அதில் இருந்து போய்விடாது.

பத்மா சித்தி: சின்னப் பையனாக இருந்தானே அப்போது. மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை.

கவிதா: 18 வயதுக்குக் கீழே என்றால் 2001 குழந்தைகள் சட்டம் வந்திருக்கும் சித்தி. இவனுக்கு இருபது.

முத்தையா மாமா: நம் தொகுதி உறுப்பினர் ஒய்பி ஆபிசில் எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார். நாளைக் காலையில் போய் ஒரு வார்த்தை சொன்னால்

கவிதா: வேண்டாம் மாமா. ஒய்பி கடிதத்தோடு வருகிறவரைப் பார்த்தால் எங்கள் ஆபிஸ் எச்ஆரில் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகத்தான் கேட்போம்.

முத்தையா மாமா: அப்படியானால் வெளியுறவு அமைச்சில், விஸ்மா புத்ராவில், நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்கிறார்களே, அதை வாங்கிக் கொடுக்கலாம்.

கவிதா: அது வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் கேட்பது. அதற்கும் போலீஸ் பதிவைத்தான் பார்ப்பார்கள்.

குமரன் ஜேபி: அவர்களுக்கு இதைப் பார்க்கவே உரிமை இருக்கிறதா அக்கா?

கவிதா: 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம் பற்றிய விவரம் தனி வகை. நோய் விவரம், மத நம்பிக்கை மாதிரி. வெளிப்படையாகச் சம்மதம் வாங்கித்தான் தொட வேண்டும். தினேஷ், சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாயா?

தினேஷ்: போட்டேன். ஆறு பக்கம் இருந்தது. படிக்கவில்லை.

கவிதா: அப்போ பார்த்தது சரிதான். ஆனால் உன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கவும், தப்பு இருந்தால் திருத்தச் சொல்லவும் உனக்கும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. நாளைக்கே அறிக்கையின் நகல் கேள். ஐசி (அடையாள அட்டை) நம்பர், செக்‌ஷன், தொகை மூன்றையும் ஒப்பிட்டுப் பார். அம்மா, ரசீது கிடைத்ததா?

அம்மா: பிஸ்கட் டின்னில் தேடுகிறேன். அப்பா ஐசிக்கு அடியில் வைத்த ஞாபகம்.

பத்மா சித்தி: அத்தானின் பழைய படம் ஒன்றும் அதில்தானே இருக்கும் அக்கா? காஜா மரத்தடியில் நின்று எடுத்தது. திதிக்கு அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமே.

அம்மா: (படம்)

அம்மா: (படம்)

தினேஷ்: முதல் படம்தான். 1,500.00 தெரிகிறது, மற்றது எல்லாம் மங்கிவிட்டது.

கவிதா: பெரிதாக்கிப் பார்த்தேன். மலாயில் ‘டெண்டா’ என்று அச்சாகியிருக்கிறது. அப்போ அபராதம்தான். நன்னடத்தைப் பத்திரமாக இருக்குமோ என்று ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது.

குமரன் ஜேபி: அதில் என்ன வித்தியாசம்?

கவிதா: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173ஏ என்று ஒன்று இருக்கிறது. குற்றம் நிரூபணமானாலும், வயது, முன்னே நடந்துகொண்ட விதம் இதையெல்லாம் பார்த்து, தீர்ப்பைப் பதியாமலே நன்னடத்தைப் பத்திரத்தில் விட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அது கிடைத்திருந்தால் இவன் ‘இல்லை’ என்று போட்டது பொய்யே ஆகாது. ஆனால் அதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். தேசிய சட்ட உதவி அறக்கட்டளை வேலையைத் தொடங்கியது 2012இல். அதற்குப் பிறகு பிடிபட்டிருந்தால் இலவசமாகவே ஒரு லாயர் கிடைத்திருப்பார்.

குமரன் ஜேபி: இப்போது அப்பீல்?

கவிதா: தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். எப்போதோ போய்விட்டது.

கவிதா: அம்மா, இரண்டாவது படம் ரசீதின் பின்பக்கமா? பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறதே.

அம்மா: அதை விடு. தெரியாமல் அனுப்பிவிட்டேன்.

கவிதா: “வளையல் 900, சீட்டு 600.”

கவிதா: அம்மா?

லதா: எந்த வளையல் அத்தை

அம்மா: அப்பா போய் எட்டு மாதம் அப்போது. வேறு என்ன இருந்தது கையில். விடுங்கள்.

இரவு 10:03

பிரகாஷ்: நான் ஒன்று சொல்ல வேண்டும்.

முத்தையா மாமா: பிரகாஷ், போன் எடு

பிரகாஷ்: எடுக்கிறேன் அப்பா. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். என்னை மூன்று நாள் கழித்துத்தான் பிடித்தார்கள். அதற்குள் அப்பா லாயர் பார்த்துவிட்டார். கவிதா சொன்ன அந்த 173ஏதான் எனக்குக் கிடைத்தது. ஒரு வருஷம் பத்திரம், அவ்வளவுதான். தீர்ப்பு இல்லை. அடுத்த வருஷம் அரசாங்க வேலைக்கு மனு போட்டேன், கிடைத்தது. தினேஷ் அன்று என்னைப் பிடித்து இழுக்கத்தான் வந்தான். முதலில் கை வைத்தது நான். நாற்காலியைத் தூக்கியதும் நான்தான்.

முத்தையா மாமா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

முத்தையா மாமா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

பத்மா சித்தி: இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாதே.

தினேஷ்: விடு மச்சான். நானும் சும்மா நிற்கவில்லை.

பிரகாஷ்: உன் கம்பெனிக்கு நான் எழுதித் தருகிறேன். என் பெயர், ஐசி நம்பர் எல்லாம் போட்டு.

முத்தையா மாமா: அரசாங்க வேலையில் இருக்கிறவன் இப்படி எழுத்தில் கொடுத்தால் நாளைக்கு உனக்கு என்ன ஆகும் என்று யோசித்தாயா? இரண்டு பேரும் எனக்கு ஒன்றுதான். அன்று முதல் நாள் லாயர் வைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. இவனை அனுப்பிய பிறகுதான் ஒருவர் சொன்னார், லாயர் இல்லாமல் போகாதே என்று. அதனால் அடுத்தவனுக்கு வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. கல்யாணக் கடன் முப்பதாயிரம் தலைமேல் இருந்தது. சரஸ்வதிக்குத் தெரியும்.

அம்மா: தெரியும் அண்ணே.

கவிதா: யார் முதலில் அடித்தது என்பதைக் கம்பெனிக்கு எழுத வேண்டாம். எச்ஆரில் இருக்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும். இருபது வயதுச் சண்டையை மன்னிக்கிறவர்கள் உண்டு. போன மாதம் போட்ட ‘இல்லை’தான் அவர்களை உறுத்தும். அதனால் முதல் வரியிலேயே அதைச் சொல்ல வேண்டும். தினேஷ், இப்படி எழுது. “விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று குறித்தது தவறு. அபராதமும் தண்டனையில் சேரும் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. 2011இல், என் இருபதாவது வயதில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கைகலப்புக்காக 323இன் கீழ் குற்றத்தை ஒத்துக்கொண்டு 1,500 வெள்ளி அபராதம் கட்டினேன். ரசீது இணைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு என் மேல் எந்த வழக்கும் இல்லை.” அதோடு நிறுத்து. பாட்டி, வேன், தையல் எதுவும் வேண்டாம்.

கவிதா: இப்போது வேலை செய்கிற இடத்தில் ஒன்பது வருஷம் இருக்கிறாய். உன் மேலாளரிடம் ஒரு கடிதம் வாங்கினால் அது பேசும்.

தினேஷ்: அவரிடம் என்னவென்று சொல்லிக் கேட்பது? இங்கேயும் இது யாருக்கும் தெரியாது அக்கா.

கவிதா: ராஜினாமாவைத் திரும்ப வாங்க முடியுமா என்றும் கேட்டுப் பார். அனுப்புவதற்கு முன்னால் பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் ஒரு தடவை காட்டிவிடலாம்.

தினேஷ்: ராஜினாமாவைத் திரும்பக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மா: மனம் வராவிட்டால் வயிறு கேட்குமா

லதா: இவர் ஒன்று கேட்கிறார். அந்தத் தையல் போட்ட பையன் இவருடைய சித்தப்பா மகன்தானே. போன தைப்பூசத்தில் கூடத் தண்ணீர்மலைக்கு எங்களோடு நடந்து வந்தான், தினேஷைப் பற்றி விசாரித்தான். பகை எதுவும் இல்லை என்று அவனிடம் ஒரு வரி எழுதி வாங்கட்டுமா?

முத்தையா மாமா: சம்பந்தி வீட்டில் போய் இதைப் பேசவே கூடாது.

லதா: பேசுவது நான் இல்லை அப்பா, அவர்.

கவிதா: அவசரப்பட வேண்டாம். லாயர் பார்த்துச் சொல்லட்டும். நாளைக்கு மையத்துக்குத் தினேஷோடு யார் போவது? நான் சனிக்கிழமை காலைதான் பட்டர்வொர்த் வருவேன்.

பிரகாஷ்: நான் லீவு போடுகிறேன்.

தினேஷ்: நான் தனியாகவே போய்க்கொள்கிறேன்.

பிரகாஷ்: ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பேன். நீ வந்தால் வா, வராவிட்டாலும் நிற்பேன்.

பத்மா சித்தி: நல்லபடியாக முடியட்டும், முனியாண்டிக்கு ஒரு சேவல் வேண்டிக்கொண்டேன். இலை ஐம்பதா அறுபதா? யாருமே சொல்லவில்லை.

குமரன் ஜேபி: அறுபது சொல்லிவிடுங்கள் அம்மா.

இரவு 11:17

அம்மா: சாப்பிட உட்கார்ந்துவிட்டான். ரசம் மட்டும் போதுமாம்.

கவிதா: சரி அம்மா. ரசீதை உள்ளே வைக்காதீர்கள், சனிக்கிழமை நகல் எடுக்கிறேன்.

இரவு 11:52

முத்தையா மாமா: சரஸ், தூங்கிவிட்டாயா

முத்தையா மாமா: அந்த வளையல் அம்மா உனக்குப் போட்டதா

அம்மா: ஆமாம் அண்ணே.

முத்தையா மாமா: மீட்கவே இல்லையா

அம்மா: ஞாயிற்றுக்கிழமை வரும்போது பெரிய அண்டாவை எடுத்து வாருங்கள். போன தடவை சாம்பாருக்கு இங்கே இருந்தது போதவில்லை.