தேங்காய் நிக்குதா இல்லையா?

மேட்டுக்காட்டான்: கிணறு, போர் போட நிலத்தடியில தண்ணி எங்க இருக்குன்னு தேங்காய், குச்சி வெச்சு நீரோட்டம் பார்ப்பாங்க இல்ல, நேத்து ஒருத்தர் "நீரோட்டம் பார்க்கிறது பில்லி சூனியத்தோட பங்காளி"னு இங்க எழுதிட்டுப் போயிருக்கார். எங்க பெரியப்பா ஆயுசு முழுக்க உள்ளங்கையில தேங்காயைப் படுக்க வெச்சுக்கிட்டு காடு காடா நடந்தவர். மந்திரம் சொன்னதில்ல, எலுமிச்சம்பழம் அறுத்ததில்ல. ஊத்து இருக்கிற இடத்துல குடுமி மேல வர, தேங்காய் செங்குத்தா நிக்கும். இதுல சூனியம் எங்க வந்துச்சு?

கறார் வேலு: அந்த "ஒருத்தர்" நான்தான். எழுதினதுல ஒரு எழுத்தையும் மாத்த மாட்டேன். எந்தக் கருவிக்கும் சிக்காத சக்தி தேங்காயைத் தூக்குதுன்னா அது அமானுஷ்யம்தானே? தூக்குறது அவர் கையே. தனக்கே தெரியாம தசை அசையும். 1852லயே கார்ப்பென்டர்ங்கிற இங்கிலாந்து மருத்துவர் அதுக்கு ஐடியோமோட்டார்னு பேர் வெச்சுட்டார்.

மேட்டுக்காட்டான்: பேரெல்லாம் இருக்கட்டும். தேங்காய் நிக்குதா இல்லையா?

அம்மன் அடிமை: நிக்கும். ஆத்தா அருள் இருக்கிற கையில மட்டும் நிக்கும். இதைச் சொல்ல மேட்டுக்காட்டாருக்கு என்ன கூச்சம்?

மேட்டுக்காட்டான்: சாமி, நீங்க எனக்கு ஒத்து ஊத வேண்டாம். நீங்க அருள்ங்கிறதாலதான் அவங்க சூனியம்ங்கிறாங்க. அந்தக் காலத்து ஜோதிட அறிஞர் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதைங்கிற நூல்ல நிலத்தடி நீருக்குன்னே ஒரு அத்தியாயம் எழுதியிருக்கார். நாவல் மரத்துக்குக் கிழக்கே புற்று இருந்தா, தெற்கே தண்ணி. அதுவும் சூனியமா?

பாறை மணி: அதுல தேங்காய் எங்கண்ணா இருக்கு? மரத்தையும் புற்றையும் பார்க்கிறது நிலத்தைப் படிக்கிறது. அவரை உங்க பெரியப்பா கோஷ்டியில சேர்க்காதீங்க. 1980கள் கடைசியில ஜெர்மனியில மியூனிக் பக்கம் ஒரு கொட்டகையில, கீழ்த்தளத்துல தண்ணிக் குழாயை இடம் மாத்தி மாத்தி வெச்சு, மேல்தளத்துல குச்சி பிடிச்சு நீரோட்டம் பார்க்கிறவங்களை நடக்க விட்டாங்க. 43 பேர், 843 சோதனை. பெரும்பாலானவங்க கோட்டை விட்டாங்க.

மேட்டுக்காட்டான்: ஆறு பேருக்குத் திறமை இருக்குன்னு நடத்தினவங்களே எழுதினாங்களே, அதை ஏன் முழுங்கினீங்க? அதோட, குழாய்த் தண்ணியும் பாறை ஊத்தும் ஒண்ணா?

பாறை மணி: ஆறு பேர் ஜெயிச்சா குழாய் நல்ல குழாய், மத்தவங்க தோத்தா கெட்ட குழாயா? அதே எண்களை ஜிம் என்ரைட்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் திரும்ப அலசினார். அந்த ஆறு பேரும் குருட்டாம்போக்குல சொன்ன மாதிரிதான் இருந்துச்சுன்னார். நம்ம கருங்கல் பூமியில தண்ணி ஆறு மாதிரி ஓடாது, பாறை விரிசல்ல நிக்கும். நாலு அடி தள்ளி போர் போட்டா தண்ணி வராது, பாறைப் புழுதிதான் புகையா வரும்.

கறார் வேலு: அவ்வளவு எதுக்கு? கண்ணைக் கட்டி விடுங்க, போன தடவை நின்ன இடத்துலயே தேங்காய் நிக்குதான்னு பார்ப்போம்.

மேட்டுக்காட்டான்: வயசான மனுஷனைக் கண்ணைக் கட்டி வரப்புல நடக்க விடணுமா? உங்க வீட்டுப் பெரியவங்களை விடுவீங்களா?

கறார் வேலு: நீங்க நடங்க. வயசு சின்னதுதானே?

மேட்டுக்காட்டான்: எனக்கு அந்தக் கை இல்ல. அது எல்லாருக்கும் வராது.

அம்மன் அடிமை: அதைத்தான் நான் அருள்னேன்!

மேட்டுக்காட்டான்: அருள் இல்லய்யா, உடம்பு வாகு! எத்தனை தடவை சொல்றது?

கறார் வேலு: சொட்டுநீர் மானிய விவாதத்துலயும் இப்படித்தான், ஆதாரம் கேட்டதும் நழுவிட்டார்.

மேட்டுக்காட்டான்: அன்னைக்கு நழுவினது யாரு? நான் ரசீதோட போட்டேன், நீங்கதான் ரெண்டு நாள் ஆளையே காணோம். அந்தப் பழைய விவாதத்தை முதல்ல இங்க எடுத்துப் போடுங்க, அப்புறம் எங்க பெரியப்பாவைப் பத்திப் பேசலாம்.