ராணுவ ஆள்சேர்ப்பு வாசலில் துப்பாக்கியோடு தொண்டர்கள் நிற்கலாமா?

சிப்புட்_பையன் கேட்டது:

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ராணுவத்தின் திறந்த நேர்முகத் தேர்வை டேவானில் (பொது மண்டபத்தில்) நடத்தப் பேச்சு நடக்கிறது. சுற்றுத் தோட்டங்களிலிருந்து நம் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு வருவது எங்கள் இளைஞர் மன்றத்தின் பொறுப்பு.

மன்றக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. 2024 மே 17 விடியற்காலையில் உலு திராம் போலிஸ் நிலையத்திலேயே ஒருவன் புகுந்து இரண்டு போலிஸ்காரர்களைக் கொன்றான். சீருடைக்காரர்கள் இருக்கும் இடத்துக்கே காவல் தேவைப்படுகிறது, அதனால் பன்றி சுட ஷாட்கன் லைசன்ஸ் வைத்திருக்கும் நாலு பேரை வாசலில் நிறுத்தலாம் என்கிறார்கள். அமெரிக்காவில் 2015-இல் பொதுமக்கள் அப்படித்தான் நின்றார்கள் என்று வீடியோவும் காட்டுகிறார்கள்.

அங்கே உண்மையில் என்ன நடந்தது? இங்கே சட்டம் இடம் கொடுக்குமா? கூடாது என்றால், ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் காவல் அமைப்பின் எஸ்ஆர்எஸ் (தன்னார்வ ரோந்து) ஆட்கள் 12 பேரை வைத்து என்ன செய்யலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜாகா_பயிற்சி:

தம்பி, முதலில் அமெரிக்கக் கதை. 2015 ஜூலை 16, டென்னசி மாநிலம் சாட்டனூகா. ஒருவன் கடை வரிசையில் இருந்த ஆள்சேர்ப்பு அலுவலகத்தை நோக்கிக் காருக்குள்ளிருந்தே சுட்டான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அங்கே யாரும் சாகவில்லை. அதன்பிறகு சுமார் 11 கிலோமீட்டர் தள்ளியிருந்த கடற்படை ரிசர்வ் மையத்துக்குப் போய் வாயில் கதவை இடித்து உள்ளே நுழைந்தான். நான்கு மெரீன் வீரர்கள் இறந்தது அங்கேதான். காயம்பட்ட கடற்படை வீரர் ஒருவர் இரண்டு நாள் கழித்து இறந்தார். வீடியோவைக் காட்டுகிறவர்கள் இந்த வரிசையைச் சொல்வதில்லை. கடை வாசலில் நாலு பேர் துப்பாக்கியோடு நின்றிருந்தாலும் அந்த ஐந்து பேரில் ஒருவரைக்கூடக் காப்பாற்றியிருக்க முடியாது.

அடுத்த சில நாள்களில் பல ஊர்களில் பொதுமக்கள் ஏஆர்-15 ரக நீளத் துப்பாக்கிகளோடு ஆள்சேர்ப்பு அலுவலக வாசல்களில் நின்றார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஜூலை 23 அன்று ஒஹாயோ மாநிலம் லங்காஸ்டரில் அப்படி நின்ற ஒருவரிடம் துப்பாக்கியைப் பார்க்கக் கேட்டார்கள். காலி செய்யப் போனவரின் கையில் அது வெடித்துத் தரையில் பாய்ந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. இப்படி ஆயுதத்தோடு நிற்பவர்களைப் பாதுகாப்புக்கு ஆபத்தாகவே கருதி போலிசுக்குச் சொல்லுங்கள் என்று ராணுவம் தன் ஆள்சேர்ப்பு ஊழியர்களுக்கு எழுதியது. தயவுசெய்து காவலுக்கு நிற்க வேண்டாம் என்று பென்டகனும் அதே மாதம் கேட்டுக்கொண்டது.

ஏன் வெடிக்கிறது என்பதை மன்றத்தில் விளக்குங்கள். துப்பாக்கியைக் காலி செய்யச் சரியான வரிசை இது: குழலைப் பாதுகாப்பான திசையில் பிடி, சேஃப்டி போடு, மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்று, அதன்பிறகு போல்ட்டை இழு, தோட்டா ஏறும் அறையைக் கண்ணால் பார், விரலால் தடவு. பதற்றத்தில் மேகசின் உள்ளே இருக்கும்போதே போல்ட்டை இழுத்துவிடுகிறார்கள். ஒரு தோட்டா வெளியே விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, அடுத்தது அறைக்குள் ஏறியது தெரியவில்லை. காலியாகிவிட்டது என்று நம்பி விசையை அழுத்துகிறார்கள்.

பம்ப் ஷாட்கன்னில் இது இன்னும் மோசம். தோட்டாக்கள் குழலுக்குக் கீழே நீளவாக்கில் வரிசையாக இருக்கும். கீழே இருக்கும் பிடிப்பானை அழுத்தி ஒவ்வொன்றாக எடுக்கத் தெரியாதவர்கள் பம்ப்பை முன்னும் பின்னும் இழுத்தே காலி செய்கிறார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா சுடத் தயாராக அறைக்குள் போய் வருகிறது. சுற்றிலும் பிள்ளைகள் நிற்கும் டேவான் வாசலில் இதை யார் செய்ய விடுவார்கள்?

இன்னொன்று. பன்றிக்குப் போடும் எஸ்ஜி தோட்டாவில் ஒன்பது ஈயக்குண்டுகள். முனை குறுகாத குழலில் மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் விரியும். 20 மீட்டரில் அரை மீட்டர் அகலம். குறி சரியாக இருந்தாலும் இரண்டு மூன்று குண்டு ஆளைத் தாண்டிப் போகும். செம்பனைக் காட்டில் பின்னால் மண்மேடு இருக்கும். ஊருக்குள் பின்னால் இருப்பது பேருந்து நிலையம்.

கவிதா_வழக்கு:

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். 1960 ஆயுதச் சட்டத்தின்படி லைசன்ஸ் என்பது ஆளுக்கும் துப்பாக்கிக்கும் நோக்கத்துக்கும் சேர்த்துத் தரப்படுவது. பயிரைக் காக்கக் கொடுத்த ஷாட்கன்னை டேவான் வாசலுக்குக் கொண்டுபோனால் நிபந்தனையை மீறியதாகும். லைசன்ஸ் பறிபோவது அதில் சின்ன விஷயம். லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் அந்தச் சட்டத்திலேயே 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-இல் வந்த துப்பாக்கிக் கடும் தண்டனைச் சட்டம் இதைவிடக் கடுமையானது, அதில் பிரம்படியும் உண்டு. நண்பருடைய துப்பாக்கியைக் கொஞ்ச நேரம் மாற்றிப் பிடித்தேன் என்பதெல்லாம் நீதிமன்றத்தில் எடுபடாது.

ரேலா என்ற அரசாங்கத் தொண்டர் படையைக் காட்டி வாதாடுவார்கள். 1972-இல் தொடங்கிய அமைப்பு அது. அரசாங்கமே 2012 சட்டத்தில் அதன் உறுப்பினர்களுக்கு இருந்த துப்பாக்கி ஏந்தும் அதிகாரத்தையும் கைது செய்யும் அதிகாரத்தையும் எடுத்துவிட்டது. சீருடையும் பயிற்சியும் உள்ள தொண்டர் படைக்கே இல்லாத உரிமை இளைஞர் மன்றத்துக்கு எங்கிருந்து வரும்?

எஸ்ஆர்எஸ் ஆட்கள் சாதாரணக் குடிமக்கள்தான். கண்ணெதிரே ஜாமீன் இல்லாத, வாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடிய குற்றம் நடந்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 27-ஆவது பிரிவின்படி பிடித்துத் தாமதமில்லாமல் போலிசிடம் ஒப்படைக்கலாம், அவ்வளவே. சந்தேகத்தின் பேரில் யாருடைய பையையும் அவர் சம்மதமில்லாமல் திறக்க முடியாது.

முறுக்குமீசை_ஈப்போ:

நீங்கள் இரண்டு பேரும் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். சாட்டனூகாவில் அந்த ஊழியர்களுக்கு ஆயுதம் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. அந்த ரிசர்வ் மையத்தில் ஒரு கடற்படை அதிகாரி தன் சொந்தக் கைத்துப்பாக்கியால் கொலைகாரனை நோக்கிச் சுட்டார். 2009 ஜூன் 1 அன்று லிட்டில் ராக் ஊரில் ஆள்சேர்ப்பு அலுவலக வாசலில் நின்ற இரண்டு இளம் வீரர்களைக் காரிலிருந்து சுட்டதில் ஒருவர் இறந்தார். போலிஸ் வந்து சேரும்வரை யார் காப்பது?

நம் ஊர் வரலாற்றையும் பாருங்கள். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார அதிகாரிகள் கொல்லப்பட்ட பிறகு தோட்டத்துக்குத் தோட்டம் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். நம்மவர்களும் அதில் இருந்தார்கள். தோட்டக்காரனுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது என்பது போலப் பேசாதீர்கள்.

ஜாகா_பயிற்சி:

அண்ணே, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. உங்கள் உதாரணங்களே பதிலையும் சொல்கின்றன. ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் போலிஸ் படையின் ஆட்கள். துப்பாக்கியும் போலிசுடையது, உத்தரவும் போலிசுடையது. சாட்டனூகாவில் சுட்ட அதிகாரியும் அந்த மையத்தில் பொறுப்பில் இருந்தவர். அதனால்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2016 நவம்பரில் விதியைத் திருத்தியபோது தன் சொந்த ஆட்கள் மேலதிகாரி அனுமதியோடு ஆயுதம் வைத்துக்கொள்ள வழி செய்தது. வாசலில் நின்ற பொதுமக்களுக்கு அல்ல. ஆளைக் காப்பது ராணுவத்தின் வேலை என்றால் ராணுவமே ஆயுதம் ஏந்தட்டும், அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

உடுப்புக்கும் துப்பாக்கிக்கும் மட்டும் மதிப்புக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பேராக்கிலேயே சான்று இருக்கிறது. 2000 ஜூலை 2-இல் அல்-மவுனா என்ற ஆயுதக் கும்பல் ராணுவ உடுப்பில், பச்சை வண்டிகளில், மேலதிகாரிகள் திடீர்ச் சோதனைக்கு வந்ததுபோல் குவாலா ருய், தெமெங்கோர் முகாம்களுக்குள் போய் நூற்றுக்கு நெருக்கமான எம்16 துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போனது. சவுக் என்ற ஊரின் காட்டில் அவர்கள் பிடித்துவைத்துக் கொன்றவர்களில் ஒருவர் நம்மவர், டிடெக்டிவ் கார்ப்பரல் சகாதேவன். வாசலில் துப்பாக்கியோடு நிற்பவன் தொண்டனா, தாக்க வந்தவனா என்று உள்ளே இருக்கும் சிப்பாய்க்கு எப்படித் தெரியும்? அழைப்பு வந்து பாய்ந்து வரும் போலிஸ்காரருக்கு அதை யோசிக்க இரண்டு விநாடிகூடக் கிடைக்காது. முதலில் சுடப்படுவது நம் தொண்டன்தான்.

மாலா_தாதி:

முறுக்குமீசை அண்ணன் கேட்ட "போலிஸ் வரும்வரை" என்ற நேரத்துக்குத்தான் 12 பேரும் தேவை. அவர்கள் கையில் இருக்க வேண்டியது டார்ச், விசில், வாக்கி-டாக்கி, ஒளிரும் மேலங்கி.

ஒரு வாரத்துக்கு முன்பே மன்றக் கடிதத்தோடு சுங்கை சிப்புட் ஐபிடிக்கு (மாவட்டப் போலிஸ் தலைமையகத்துக்கு) போய், நிகழ்ச்சி நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், 12 பேரின் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண் கொடுங்கள். ஆயுதப் போலிஸ் வேண்டும் என்று கேட்க வேண்டிய இடமும் அதுதான். ராணுவம் தன் ரெஜிமெண்ட் போலிசைக் கொண்டுவருமா என்றும் ஏற்பாட்டாளரிடம் கேட்டு வையுங்கள்.

அன்றைக்கு இரண்டிரண்டு பேராக நிற்கட்டும். தனியாக நிற்பவர் கைப்பேசியில் மூழ்கிவிடுவார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் வேண்டாம், வெயிலில் அதற்குள்ளேயே கவனம் சிதறும். மூன்று இடத்தில் ஆறு பேர், மீதி ஆறு பேர் மாற்று. ஒரு ஜோடி சாலை முனையில், வண்டிகள் வாசலிலிருந்து 30 மீட்டருக்கு அப்பால் நிற்கும்படி. ஒரு ஜோடி பெயர்ப் பதிவு மேசையில், அதையும் டேவானுக்கு வெளியே போடுங்கள். மூன்றாவது ஜோடிக்கு ஒரே வேலை: பின்கதவு பூட்டப்படாமலும் நாற்காலி அடுக்கி அடைக்கப்படாமலும் பார்த்துக்கொள்வது. நம் டேவான்களில் எப்போதும் சங்கிலி போட்டிருப்பது அந்தக் கதவில்தான்.

நீண்ட விசில் மூன்று என்றால் எல்லாரும் பின்கதவு வழியாக வெளியே என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லுங்கள். 999-க்கு அழைப்பவர் யார் என்று ஒருவரைக் குறித்துவிடுங்கள். எல்லாரும் அழைப்பார்கள் என்று விட்டால் யாருமே அழைப்பதில்லை.

இரத்தம் நிறுத்தும் பட்டை, டூர்னிக்கே, குறைந்தது நான்கு வாங்குங்கள். காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல் கட்டி, இரத்தம் நிற்கும்வரை குச்சியைத் திருக வேண்டும். வலியில் அலறுவார்கள் என்று பாதியில் தளர்த்திவிடுவதுதான் வழக்கமான தவறு. கட்டிய நேரத்தை அதன்மேலேயே எழுதுங்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். ராணுவத்தில் நம் பிள்ளைகள் எவ்வளவு குறைவு என்று எல்லாரும் வருந்துகிறோம். மகனை அழைத்துக்கொண்டு வரும் அம்மா வாசலில் ஷாட்கன்னைப் பார்த்தால் பதிவு மேசைவரை வரமாட்டார்.

சிப்புட்_பையன்:

நன்றி அண்ணே, அக்கா. அப்படியே கூட்டத்தில் வைக்கிறேன். டேவான் முன்பக்கம் கண்ணாடி, அதற்குப் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டினால் பயன் உண்டா?

ஜாகா_பயிற்சி:

குண்டை நிறுத்தாது தம்பி. 0.2 மில்லிமீட்டர் ஃபிலிம் உடைந்த கண்ணாடியைச் சிதறாமல் பிடித்துக்கொள்ளும், உள்ளே நுழைபவனைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அதுவும் கண்ணாடிச் சட்டகத்தின் விளிம்புவரை ஒட்டி, ஓரத்தைச் சிலிக்கனால் பிணைத்தால்தான். ஒரு நாள் நிகழ்ச்சிக்கு அந்தச் செலவு வேண்டாம். நேர்முக மேசைகளைக் கண்ணாடியிலிருந்து தள்ளி, கல்சுவர் உள்ள உள்ளறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.