இரண்டு பிக் (குழாய்க்குள் ஓடிச் சுவரை அளக்கும் கருவி) ரன்னுக்கு இடையே அரிப்பு வேகம் மைனஸில் வந்தால் என்ன செய்வது?

வணக்கம். 12 அங்குல கச்சா எண்ணெய் லைன், சுவர் 9.5 மி.மீ. 2018, 2023 இரண்டு எம்.எஃப்.எல். (காந்தப் புலக் கசிவை வைத்து அளக்கும்) பிக் ரன் தரவும் இருக்கிறது. அடுத்த ரன் எப்போது என்று முடிவு செய்ய, ஒவ்வொரு அரிப்புக் குழிக்கும் மான்டி கார்லோ (தற்செயல் எண்களால் பலமுறை கணக்கிட்டு வாய்ப்பைக் காணும் முறை) ஓட்டுகிறோம். குழி ஆழம் சுவரில் 80% தொட்டால் கசிவு. மாடிஃபைடு பி31ஜி (அரித்த குழாய் தாங்கும் அழுத்தத்துக்கான சூத்திரம்) தரும் அழுத்தம் இயக்க அழுத்தத்துக்குக் கீழே போனால் வெடிப்பு.

சிக்கல் வளர்ச்சி வேகத்தில்தான். கருவிப் பிழை சுவரில் ±10%, 80% நம்பகத்தில்; அதாவது திட்ட விலக்கம் சுமார் 0.74 மி.மீ. இரண்டு ரன்னைக் கழித்தால் 1.05 ஆகிறது. 5 ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 0.21 மி.மீ. அசல் அரிப்பே அவ்வளவுதான் இருக்கும்! அதனால் பல குழிகள் 'ஆறிவிட்டதாக' மைனஸ் காட்டுகின்றன. அவற்றைத் தூக்கிவிட்டால் சராசரி ஏறி, வீணாகத் தோண்ட வேண்டி வரும். சைபராக்கினாலும் அதே சாய்வுதான், கொஞ்சம் குறைவு.

தாழ்வான இடங்களில் தண்ணீர் தேங்கி 6 மணி நிலையில் (குழாயின் அடிப்பக்கம்) விழும் குழிகளைத் தனிப் பிரிவாக்கி, பிரிவுக்கு ஒரு பரவல் பொருத்தி, பிறகு பேய்ஸ் முறையில் (முன் கணிப்பை அளவீட்டோடு சேர்த்துத் திருத்தும் முறை) குழிவாரியாகத் திருத்தலாமா? பிரிவுக்குக் குறைந்தது எத்தனை குழி வைத்தீர்கள்? இரண்டு ரன்னும் வேறு வேறு கம்பெனிக் கருவிகள். வெல்டை வைத்துப் பொருத்திய பிறகும் நிற்கும் ஆழ வித்தியாசத்தைத் திருத்த, தோண்டி யூ.டி. (மீயொலி) மூலம் அளந்த 14 இடங்கள் போதுமா?