உலோக உருவச் சுடுதல்: வான்கோழி மட்டும் விழ மறுக்கிறது

கேள்வி: விலங்கு, பறவை வடிவ உலோகத் தகடுகளைச் சுட்டு வீழ்த்தும் போட்டிக்காகப் பாயின்ட் 22 ரைஃபிளில் பயிற்சி எடுக்கிறேன். 40 மீட்டரில் கோழியும் 60 மீட்டரில் பன்றியும் ஓரளவு விழுகின்றன. 77 மீட்டர் வான்கோழியிடம் வந்தாலே தொலைநோக்கியின் குறுக்குக்கோடு ஊசலாடுகிறது. இதை எப்படி நிறுத்துவது? முதல் போட்டி நெருங்குகிறது.

பதில் 1: நிறுத்த முடியாது, குறைக்கலாம். நின்றபடி, தோள்வார் இல்லாமல் சுடுவதுதான் இந்த விளையாட்டின் அழகே! கண்ணை மூடி, மூச்சைத் தளர்த்தி, திறந்து பாருங்கள். துப்பாக்கி இலக்கைவிட்டு விலகியிருந்தால் கைகளால் இழுக்காதீர்கள், பாதங்களை நகர்த்துங்கள். குறுக்குக்கோடு வான்கோழியின் உடலைக் கடக்கும் நொடியில் விசையைச் சுண்டாதீர்கள். அசைவு நடக்கும்போதே மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். தோட்டா இல்லாத துப்பாக்கியில் தினமும் இதைப் பழகுங்கள். வான்கோழி எல்லோரையும் சோதிக்கும், மனம் தளர வேண்டாம்.

பதில் 2: ஐந்து உருவங்களுக்கு இரண்டரை நிமிடம், இடமிருந்து வலமாக, ஒன்றுக்கு ஒரே குண்டு. தவறினால் அடுத்ததற்குப் போய்விடுங்கள். வரிசை மாறி வீழ்த்தினால் புள்ளி கிடையாது.

பதில் 3: 100 மீட்டர் செம்மறிக்கடாவின் காலில் பட்டால் சில நேரம் திரும்பி மட்டும் நிற்கும். அதுவும் கணக்கில் வராது. பீடத்திலிருந்து விழ வேண்டும். ஆகவே உடலின் நடுவையே குறிவையுங்கள்.