மறு: சூப்பர்வைசரி ஆடியோ டோன், தமிழில் என்ன?

> பழைய ஆம்ப்ஸ் செல்பேசிக்கு வீட்டிலேயே தள நிலையம் அமைப்பது பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘மேற்பார்வைக் கேள்தொனி’ என்று போடலாமா?

வேண்டாம் ஐயா. மேலே நின்று யாரும் யாரையும் பார்க்கவில்லை, ‘கேள்தொனி’ என்கிறீர்கள், ஆனால் அது காதிலேயே விழாது. என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம், பெயர் அதிலிருந்தே வரட்டும்.

ஆம்ப்ஸ் அமெரிக்காவில் 1983 அக்டோபரில் சிகாகோவில் தொடங்கிய அனலாக் செல்பேசி முறை. செல்பேசியை இயக்கியதும் 21 கட்டுப்பாட்டுத் தடங்களையும் துழாவி, எது வலுவாகக் கேட்கிறதோ அதில் உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் ஆஸ்மோகாம்-அனலாக் (கணினியைப் பழைய அனலாக் செல்பேசிகளுக்கு நிலையமாக்குவது) மென்பொருளை ஒரு எஸ்டிஆர் பலகையோடு, அதாவது மென்பொருள் ஆட்டிவைக்கிற வானொலிப் பலகையோடு, ஓட்டுகிறவர் செய்வது, அந்த 21இல் ஒன்றில் தானே நிலையமாகப் பேசுவதுதான். எண்ணைத் தட்டி ‘செண்ட்’ அழுத்தினால் செல்பேசி தன் எண், கருவியின் வரிசை எண், கூப்பிட வேண்டிய எண் எல்லாவற்றையும் நொடிக்கு 10,000 பிட் வேகத்தில் கொட்டும். நிலையம் ‘இன்ன பேச்சுத் தடத்துக்குப் போ’ என்று சொல்லும். அங்கே போன பிறகுதான் நம்ம ஆள், அந்த சூப்பர்வைசரி ஆடியோ டோன், வருகிறார்: 5970, 6000, 6030 ஹெர்ட்ஸ் மூன்றில் ஒன்றை நிலையம் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது, செல்பேசி அதையே வாங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பேச்சுக்கு 3000 ஹெர்ட்ஸ் வரைதான் இடம் என்பதால் பேசுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. திரும்பி வரும்வரை அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று பொருள். நின்றுபோனால் இணைப்பை அறுத்துவிடலாம்.

பாட்டி கதை சொல்லும்போது பிள்ளை ‘உம்… உம்…’ என்று கொட்டிக்கொண்டே இருக்கவேண்டும், நின்றால் தூங்கிவிட்டது என்று பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். இந்த வேலைக்கு நம்மிடம் ஊங்கொட்டுதல் என்று வினையே இருக்கிறது. அதனால் ‘ஊங்கொட்டொலி’.

எழுதும்போது இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள். மணி அடிக்கிறது, எடுத்தால் 5 நொடியில் அறுந்துபோகிறது என்றால் பெரும்பாலும் இந்த ஒலியைத்தான் சந்தேகிக்கவேண்டும். அதன் விலகல் (அலைவெண்ணை அது எவ்வளவு அசைக்கிறது என்பது) 2 கிலோஹெர்ட்ஸ் இருக்கவேண்டும், அளவு பிசகினால் செல்பேசிக்கு அது இல்லாததற்குச் சமம். அப்புறம், ஆன்டெனா மாட்டச் சொல்லாதீர்கள். நிலையம் ஒலிபரப்பும் 869 முதல் 894 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை இன்றைக்கும் உரிமம் பெற்ற நிறுவனங்கள் புழங்குகிற இடம். கேபிளும், சமிக்ஞையின் வலுவைக் குறைக்கிற அட்டெனுவேட்டரும் போதும். கைச்செல்பேசியின் 0.6 வாட்டை நேராக எஸ்டிஆரின் உள்வாயிலில் விட்டால் பலகை போய்விடும், அதற்கும் அட்டெனுவேட்டர்தான் மருந்து.

---

> அதனால் ‘ஊங்கொட்டொலி’.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை, என் தயக்கம் வேறு. கதையில் ஊங்கொட்டுவது ஒரு பக்கம்தான். இங்கே செல்பேசியும் ஒலி வருகிறதா என்று பார்க்கிறது, 5 நொடி வராவிட்டால் தானே தன் பரப்பியை (டிரான்ஸ்மிட்டரை) அணைத்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் ‘பிடியொலி’ என்கிறேன். சின்னச் சொல், சாஃப்ட்வேர் பட்டியலிலும் அடங்கும்.

இலங்கையில் இருந்து எழுதுகிறேன் என்பதால் ஒரு விஷயம். இங்கே செல்டெல் நிறுவனம் 1989இல் தொடங்கியபோது டாக்ஸ் முறைதான், அதாவது ஆம்ப்ஸை 25 கிலோஹெர்ட்ஸ் தடத்துக்குச் சுருக்கிய பிரிட்டிஷ் வடிவம். அதிலும் இதே மூன்று ஒலிகள். இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று சேவை ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் முறையாகவே வந்துவிட்டது, ஆகவே இந்தச் சொல் அலமாரியில் பழைய செங்கல் போன் வைத்திருக்கிற எங்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும், எங்கள் வாக்குக்கு இரண்டு மதிப்பெண் கொடுங்கள் :)

---

இரண்டு மதிப்பெண் கொடுத்தாயிற்று, ஆனாலும் பிடியொலிக்கு இல்லை.

காரணம், ‘பிடி’ என்றதும் ஹோல்டு நினைவுக்கு வரும். அழைப்பைப் பிடித்து நிறுத்திவைப்பது வேறு சங்கதி, பிற்பாடு அதற்கும் ஒரு சொல் வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் பார்க்கிறது என்பது சரிதான். பாட்டி கதையை நிறுத்தினால் பிள்ளையும் ‘அப்புறம்?’ என்று கேட்கத்தானே செய்யும்.

இன்னொரு சிக்கலை யாரும் தொடவில்லை. ஆஸ்மோகாம்-அனலாக்கில் ஆம்ப்ஸ் மட்டும் இல்லை. 1981இல் வந்த என்எம்டி என்ற நார்டிக் நாட்டு முறையில் இதே வேலையை 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய நான்கு ஒலிகள் செய்கின்றன. ஜெர்மனியின் சி-நெட்ஸ் முறையில் (1985 முதல் 2000 வரை ஓடியது) ஒலியே கிடையாது: பேச்சைக் காலத்தில் கொஞ்சம் நெருக்கி, 12.5 மில்லிநொடிக்கு ஒருமுறை கிடைக்கிற சந்தில் சில பிட்களைத் திணிக்கிறார்கள். தேர்ந்த தந்திரம், என்னைக் கேட்டால் அனலாக் முறைகளிலேயே அழகானது அதுதான். அங்கே பிடியொலியும் நிற்காது, ஊங்கொட்டொலியும் நிற்காது. எனவே வேலைக்கு ‘ஊங்கொட்டு’ என்று வைப்போம். ஆம்ப்ஸ், டாக்ஸ், என்எம்டியில் ஊங்கொட்டொலி, சி-நெட்ஸில் ஊங்கொட்டுப் பிட். சிரிக்கிற பிள்ளைகளுக்குச் சொல் மறக்காது.

அந்த மூன்று ஒலி எதற்கு என்பதையும் கட்டுரையில் விளக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கேள்வி வரும். ஒரே தடத்தை எட்டத்தில் இருக்கிற இன்னொரு செல்லும் (வேறொரு நிலையத்தின் எல்லையும்) புழங்கும். வேறு அலைவெண்ணில் ஊங்கொட்டு வந்தால் அது நம் ஆள் இல்லை என்று நிலையம் தெரிந்துகொள்ளும். வீட்டில் ஒரே நிலையம்தான், எதையாவது ஒன்றை வைத்துக்கொண்டு போகலாம்.

‘தள நிலைய’த்தில் கைவைக்காதீர்கள், அது புழக்கத்துக்கு வந்துவிட்டது.

அடுத்து பிளாங்க் அண்ட் பர்ஸ்ட். பேச்சு நடுவில் நிலையம் ஏதாவது சொல்ல வேண்டுமானால், கிட்டத்தட்ட 100 மில்லிநொடி பேச்சை வெட்டிவிட்டு அந்த இடத்தில் செய்தியைச் செருகும். இதற்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம், ‘இடைச்செருகல்’ என்றே போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். பதிப்பாசிரியர்கள் யாரும் சண்டைக்கு வராவிட்டால் வெள்ளிக்கிழமை கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.